டவர் இல்லாத ஊர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டெஸ் சொல்லித்தான் இதை ஆரம்பிக்கிறேன். பறந்துட்டு வந்த அன்னைக்கே எது சரியா வந்துது, எது சொதப்புச்சுன்னு எழுதி வெச்சிரணுமாம். சரின்னுட்டேன். விமானத்தைப் பத்தி மட்டும்தான் எழுதப் போறேன். வீட்டுக் கதை, வேலைக் கதைக்கெல்லாம் இதுல இடமில்லை.

டெஸ் இங்க இருக்கற பறக்கும் கிளப்புல வாத்தியார். என் மகளைவிட ரெண்டு வயசு கூட இருந்தா ஜாஸ்தி. ஆட்டுப் பண்ணையில இருந்து ரப்பர் பூட்ஸோட நேரா வந்து விமானத்துல ஏறுது அந்தப் புள்ளை. கோயமுத்தூர்ல எனக்குச் சொல்லிக் குடுத்த கேப்டனோட ஷூவுல முகம் பார்த்துத் தலை சீவிக்கலாம். அவர் இதைப் பார்த்தா அங்கேயே மயங்கி விழுந்திருவார்.

மொத நாளே மானம் போச்சு. கிளப்புக்குப் போற மண் பாதையில ஒரு இரும்பு கேட். மூடியிருந்துது. வாட்ச்மேன் வருவான், பாஸ் கேப்பான்னு காருக்குள்ளயே உக்காந்திருந்தேன். ஊர்ல ஏர்போர்ட்டுக்குள்ள போறதுக்கு எத்தனை எடத்துல கார்டைக் காட்டணும்! பத்துப் பன்னெண்டு வருசம் ஞாயித்துக்கிழமை தவறாம காட்டினவன் நான். ரொம்ப நேரம் கழிச்சு உள்ளேயிருந்து டெஸ் நடந்து வந்தா.

"என்ன ஆச்சு, கார் ரிப்பேரா?"

"இல்ல மேடம், கேட் மூடியிருக்கு."

"ஆடு வெளிய போகாம இருக்க மூடியிருக்கு. தொறந்து உள்ள வாங்க, வந்ததும் மூடிருங்க. அப்புறம், மேடமெல்லாம் வேண்டாம். டெஸ் போதும்."

உள்ள ஒரு தகரக் கொட்டகை. அதுக்கு முன்னால நீளமா ஒரு புல்தரை. அதுதான் ஓடுபாதையாம். ஒரு கம்பத்துல காத்து பாக்கற துணிக்குழாய் ஆடுது. நான் டவரைத் தேடினேன். டவர்னா, உயரத்துல உக்காந்து யார் எப்ப ஏறணும், யார் எப்ப இறங்கணும்னு சொல்றவங்க இருக்கற கட்டடம். அது இல்லை. விமானத்தோட சாவி டீ கப் மாட்டற கொக்கியில தொங்குது.

இன்னைக்குப் பறக்கலை. பேப்பர் வேலைதான். இந்திய லைசென்ஸை நியூசிலாந்துல ஏத்துக்கணும்னா மெடிக்கல் பாஸ் பண்ணணும், சட்டப் பரிட்சை எழுதணும், கடைசியா டெஸ் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, இந்த ஆளைத் தனியா விடலாம்னு கையெழுத்துப் போடணும். மெடிக்கல் போன மாசமே ஆச்சு. அம்பத்தோரு வயசுக்கு நெஞ்சு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னார்.

ராத்திரி தோசை. மாவு இன்னைக்கும் பொங்கலை. மிக்சியில அரைச்சா எப்படிப் பொங்கும்? வெந்நீர் டாங்கி இருக்கற அலமாரிக்குள்ள வெச்சுக்கூடப் பார்த்தாச்சு. இந்தக் குளிர் தேசத்துக்கு வரணும்னு ஆசைப்பட்டது இவதான். அனுபவிக்கட்டும்.

இவன்னா கலாமணி, என் சம்சாரம். வீட்டுக் கதை வேண்டாம்னு சொல்லிட்டு நானே எழுதறேன். மாவோட நிறுத்திக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை. போகலை.

ஆகஸ்ட் 16, சனி

பறந்தேன்! ஒன்றரை வருசத்துக்கு அப்புறம்.

கை மறக்கலை. ஸீட்டை இழுத்துப் போட்டு உக்காந்து, பெட்ரோல் வாசமும் பழைய ரெக்சின் வாசமும் சேர்ந்து மூக்குல ஏறினதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அதே செஸ்னா ரகச் சின்ன விமானம்தான். ஊர்ல ஓட்டினதுக்கு அண்ணனா இருக்கலாம்.

இஞ்சினை ஓட்டினேன். ரேடியோவுல, ஓடுபாதைக்குப் போக அனுமதி வேணும்னு முறைப்படி கேட்டேன். பதில் இல்லை. திரும்பக் கேட்டேன். டெஸ் ஜன்னல் வழியா ஆட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தா. ரேடியோ கெட்டுப் போச்சோன்னு குமிழைத் திருகிட்டு மூணாவது தடவையும் கேட்டேன். ஒரு ஆம்பளைக் குரல் வந்துது.

"தம்பி, அங்க யாரும் இல்லைப்பா. போறதுன்னா போ."

அது பாரி. இங்க மலைச்சரிவுல இருக்கற பண்ணைகளுக்கு விமானத்துல உரம் தூவற ஆளு. எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் பறந்துக்கிட்டே எனக்குப் பதில் சொல்றார். டெஸ் சிரிச்ச சிரிப்புல ஹெட்போன் கழண்டு விழுந்துது. திருமூர்த்திங்கற என் பேரு அவ வாயில திருன்னு சுருங்கிருச்சு.

"திரு, இங்க யாரும் உங்களுக்கு அனுமதி குடுக்க மாட்டாங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க. என்ன பண்ணப் போறீங்கன்னு சொல்லுங்க. பண்ணுங்க. அவ்வளவுதான்."

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல இறங்க வந்தா? யார் முன்னாலன்னு யார் முடிவு பண்றது?"

"அந்த ரெண்டு பேரும்தான்."

நல்ல நாடு! காந்திபுரம் சிக்னல்ல போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிட்ட மாதிரி இருக்கு. ஊர்ல நான் எத்தனையோ நாள் டவரைத் திட்டியிருக்கேன். பெரிய விமானம் ஒவ்வொண்ணா இறங்கற வரைக்கும் வெயில்ல எங்களை வேக விடுவாங்க. திட்டினாலும் அங்க ஒரு மனுசன் இருக்கான், நம்மளைப் பாத்துக்கறான்னு ஒரு தைரியம் இருந்துது.

மத்தபடி நல்லா வந்துது. மேற்கால பூரா மலை, உச்சியில பனி. இறங்கினது கொஞ்சம் குதிச்சிருச்சு.

ஆகஸ்ட் 20, புதன்

இன்னைக்குப் பறக்கலை. ஆனா எழுத வேண்டியிருக்கு.

வேலையில இருந்து வந்து கையைக் கழுவறதுக்குள்ள பல்லடத்துல இருந்து ஆறுச்சாமி அண்ணன் போன். அவர் மில்லுலதான் நான் இருபது வருசத்துக்கு மேல எலக்ட்ரிகல் மெயிண்டெனன்ஸ் பார்த்தேன். புது யூனிட் போடறாராம். "திருமூர்த்தி, ஆயுத பூஜைக்கு பட்டனை அமுக்கறம்ப்பா. மேனேஜர் ஸீட்டு உனக்குன்னு வெச்சிருக்கறன். வர்றியா இல்லியான்னு பூஜைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிப்போடு. இல்லைன்னா வேற ஆளைப் பாக்கோணும்"னார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இங்க நான் என்ன பண்றேன்? உருளைக்கிழங்கு கழுவற ஷெட்டுல கன்வேயருக்கு கிரீஸ் போடறேன். ஃபியூஸ் போனாக்கூட நான் தொடக் கூடாது, இந்த ஊர் எலக்ட்ரீசியன் வரணும். அவன் வந்து மாத்தற வரைக்கும் நான் டார்ச் புடிச்சுக்கிட்டு நிக்கணும்.

கலாமணிகிட்ட சொன்னேன். தக்காளி நறுக்கிக்கிட்டு இருந்தா.

"அப்புடீங்களா"ன்னா.

நான் நின்னேன். அவ அடுத்த தக்காளியை எடுத்தா.

"என்ன சொல்றே?"

"நான் என்னங்க சொல்றது? உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க."

போனா நான் தனியாத்தான் போகணும். அவளுக்கு இங்க ஆஸ்பத்திரியில, ஆபரேஷன் தியேட்டர்ல வேலை. பெரிய டாக்டரே, கலா வந்தாச்சான்னு கேட்டுட்டுத்தான் கத்தியைக் கையில எடுப்பாராம். அவளை விட்டுட்டு வான்னு கூப்பிட எனக்கு வாய் வராது. அவ இங்க, நான் அங்க, வருசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கலாம். மகளும் பெங்களூர்ல இருக்கா, எட்டி நடந்தா பாத்துட்டு வந்திரலாம். எத்தனையோ குடும்பம் அப்படி இல்லையா? நடக்காத காரியம் ஒண்ணும் இல்லை.

ஆனா இவ ஒரு வார்த்தை சொன்னா என்ன? போங்கன்னு சொல்லட்டும். இல்ல, போகாதீங்கன்னு சொல்லட்டும். ரெண்டுல ஒண்ணு சொல்ல வாய் வலிக்குதா?

நான் ஒண்ணும் அவ சொல்லுக்காகக் காத்துக்கிட்டு இல்லை. ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காத்து ஜாஸ்தி. கேட் வரைக்கும் போய்ட்டுத் திரும்பிட்டேன்.

கராஜைக் கூட்டிப் பெருக்கினேன். ஊர்ல இருந்து கப்பல்ல வந்த வெட் கிரைண்டர் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளயே இருக்கு. ஒரு வருசம் ஆகப் போகுது. இதைப் பிரிச்சா மாவுப் பிரச்சினை தீர்ந்துதுன்னு கலாமணிகிட்ட சொன்னேன்.

"இருக்கட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம். பிளக் வேற மாத்தோணுமே."

ஆமா, பிளக் மாத்தணும். நம்ம ஊர் உருண்டைக் குச்சி இங்க சுவத்துல நுழையாது. கடைக்குப் போறப்ப ஞாபகமா ஒரு பிளக் வாங்கணும்.

ஆகஸ்ட் 30, சனி

இன்னைக்கு நடந்ததை எழுத வெக்கமா இருக்கு. இருந்தாலும் எழுதறேன்.

சர்க்யூட் அடிச்சோம். ஏறி, ஓடுபாதையைச் சுத்தி நீள்சதுரமா ஒரு சுத்து வந்து, இறங்கறது. குழந்தை கூடச் செய்யும். ரெண்டு சுத்து நல்லா வந்துது. மூணாவது சுத்துல பாரி தானும் இறங்க வர்றதா ரேடியோவுல சொன்னார். சரி, யார் முன்னாலன்னு சொல்லுவாங்கன்னு நான் நேராப் போய்க்கிட்டே இருந்தேன். இறங்கறதுக்குத் திரும்ப வேண்டிய எடம் தாண்டிருச்சு. இப்ப சொல்லுவாங்க, இப்ப சொல்லுவாங்கன்னு போறேன். ஆறு தாண்டியாச்சு. ரயில் பாதை தாண்டியாச்சு. கடைசியில டெஸ், "திரு, கடல் வருது"ன்னா.

நெசமாவே கடல் தெரிஞ்சுது.

இறங்கினதும் கொட்டகையில டீ போட்டுக் குடுத்தா. பாரி எப்பவோ இறங்கி, உரம் ரொப்பிக்கிட்டுத் திரும்பவும் ஏறிப் போயிட்டாராம்.

"ஓட்டறதுல உங்களைக் குறை சொல்ல முடியாது. என்னைவிட மெதுவா இறக்கறீங்க. ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க ஒரு குரலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க. தனியா விட்டா பெட்ரோல் தீர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு டீயை அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன். நேத்துப் பொறந்த புள்ளை எனக்குச் சொல்லுது! நான் பொறுமைசாலி. அடுத்தவங்களுக்கு வழி விடறவன். இதுக்குப் பேரு மரியாதை. இதெல்லாம் இவங்களுக்கு எங்க புரியும்?

வீட்டுக்கு வந்து கலாமணிகிட்ட சொன்னேன். அவ சிரிக்கலை. "அந்தப் புள்ளை அப்படியா சொல்லுச்சு"ன்னு மட்டும் கேட்டா. அப்புறம் துணி மடிக்கப் போயிட்டா.

செப்டம்பர் 5, வெள்ளி

சட்டப் பரிட்சை எழுதினேன். பாஸ். கலாமணி கேசரி பண்ணினா. முந்திரி நெறையப் போட்டிருந்தா.

செப்டம்பர் 7, ஞாயிறு

மலையில இருந்து சூடா ஒரு காத்து அடிக்குது. வசந்த காலத்துல இப்படித்தான் அடிக்குமாம். பக்கத்து வீட்டுக்காரரோட குப்பைத் தொட்டி நம்ம வாசல்ல கிடக்கு. பறக்க வாய்ப்பே இல்லை.

டெஸ்ஸுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன், டீயை வெச்சுட்டு வந்ததுக்கு ஸாரின்னு. டீயை நாய் குடிச்சிருச்சுன்னு பதில் வந்துது.

செப்டம்பர் 14, ஞாயிறு

காத்து.

செப்டம்பர் 17, புதன்

ஆறுச்சாமி அண்ணன் திரும்பப் போன். "என்னப்பா, சம்சாரம் என்ன சொல்லுது?"ன்னார். யோசிச்சுக்கிட்டு இருக்கான்னு சொல்லிட்டேன். அவ எங்க யோசிச்சா? இன்னைக்கு பூரா ஆஸ்பத்திரியில நடந்த ஒரு பொறந்தநாள் விழாக் கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தா.

ஷெட்டுல கன்வேயர் மோட்டார் புகைஞ்சுது. பேரிங் போயிருக்குன்னு சத்தத்தை வெச்சே சொன்னேன். எலக்ட்ரீசியன் வந்து பிரிச்சுப் பார்த்தான். பேரிங்தான். சூப்பர்வைசர் என் தோளைத் தட்டி, இந்த ஊர் எலக்ட்ரீசியன் சர்டிபிகேட்டுக்கு நீ ஏன் இன்னும் எழுதிப் போடலைன்னு கேட்டார். இருக்கறது நிச்சயமானாத்தானே எழுதிப் போடறதுன்னு சொன்னேன். அவருக்குப் புரியலை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்னைக்கும் காத்து. வீட்டுக்குள்ளயும்தான்.

காலையில தோசை. கல்லுல ஊத்தினா ரப்பர் மாதிரி வருது. "என்ன மாவு இது, வாயில வெக்க முடியலை"ன்னு தட்டைத் தள்ளி வெச்சேன். தள்ளி வெச்சது தப்புதான். அதோட நிறுத்தியிருக்கலாம். "பூஜைக்கு இன்னும் பத்தே நாள்தான் இருக்கு. நீ வாயைத் தொறந்து ஒண்ணு சொன்னாத்தானே நான் ஒரு முடிவுக்கு வர முடியும்"னும் சொன்னேன்.

கலாமணி அடுப்பை அணைச்சா. கரண்டியைக் கீழ வெச்சா. இருபத்தஞ்சு வருசத்துல அவ குரலை ஒசத்தினது ரெண்டு தடவையோ மூணு தடவையோ. இன்னைக்கும் ஒசத்தலை. அதுதான் எனக்குப் பயமா இருந்துது.

"ஏனுங்க, இந்த வேலைக்குக் கூப்பிட்டப்போ உங்களைக் கேட்டேன். போலாமா வேண்டாமான்னு ராத்திரி பகலாக் கேட்டேன். உன் இஷ்டம்னீங்க. சரின்னு வந்தோம். வந்ததுல இருந்து குளிரடிச்சாலும் என்ற இஷ்டம், வேலை புடிக்கலைன்னாலும் என்ற இஷ்டம், மாவு பொங்கலைன்னாலும் என்ற இஷ்டம். இப்ப போறதையும் நானே சொல்லோணுமா? போங்கன்னா, பொண்டாட்டி தொரத்திட்டான்னு அங்க போய் உக்காந்துக்குவீங்க. இருங்கன்னா, இவளாலதான் கிழங்கு கழுவறேன்னு இங்க உக்காந்துக்குவீங்க. ரெண்டும் என்னால ஆகாதுங்க. இன்னொரு தடவை அந்தப் பாரத்தை நான் தூக்க மாட்டேன்."

பையை எடுத்துக்கிட்டு டூட்டிக்குப் போயிட்டா. ஞாயித்துக்கிழமை டூட்டி இருந்துதா, இல்லையான்னு எனக்குத் தெரியலை.

அவ மேல பழி போடற மாதிரி நான் என்னைக்குப் பேசினேன்? ஒரு நாளும் பேசினதில்லை. இதுலயே முன்னாடி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மொத நாளே, ஆசைப்பட்டது இவதான், அனுபவிக்கட்டும்னு எழுதி வெச்சிருக்கேன்.

சரி.

மத்தியானம் நானே சோறு வெச்சு ரசம் வெச்சேன். அவ வந்து சாப்பிட்டா. உப்பு சரியா இருக்குன்னா.

செப்டம்பர் 24, புதன்

அவ போயிட்டா நான் எப்படி இருப்பேன்னு இன்னைக்கு யோசிச்சேன். தப்பு, நான் போயிட்டா. பல்லடத்துல ரூம், மெஸ் சாப்பாடு. சாயங்காலமானா போன்ல, சாப்பிட்டீங்களான்னு கேப்பா. சாப்பிட்டேன்னு சொல்லுவேன். அப்புறம் என்ன பேசறது? எனக்கு இவ பக்கத்துல இருந்தாத்தான் சண்டை போடக்கூட வருது.

செப்டம்பர் 29, திங்கள்

காத்து நின்னிருச்சு. டெஸ்ஸுக்குப் போன் பண்ணி, புதன்கிழமை வரலாமான்னு கேட்கப் போனேன். கேக்காம, "புதன்கிழமை பத்து மணிக்கு வர்றேன், சர்க்யூட் அடிக்கப் போறேன்"னு சொன்னேன்.

"சரி, வாங்க"ன்னா.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

ஷெட்டுக்கு லீவு போட்டேன். கலாமணிக்குக் காலையிலேயே டூட்டி. சாமி படத்துக்கு முன்னால அவ கத்திரிக்கோலை வெச்சு, பக்கத்துல என் ஸ்க்ரூட்ரைவரையும் வெச்சு, ரெண்டுக்கும் சந்தனம், குங்குமம் வெச்சுட்டுத்தான் போயிருக்கா. நான் எழுந்தப்ப வீட்டுல ஆள் இல்லை. நானும் கும்பிட்டுட்டு, குங்குமச் சிமிழையும் சந்தன டப்பாவையும் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். கடையில எலுமிச்சம்பழம் மூணு வாங்கினேன். இங்க எலுமிச்சை சாத்துக்குடி சைசுல இருக்கு.

கேட்டைத் தொறந்தேன், உள்ள போனேன், மூடினேன்.

டெஸ் பண்ணையில இருந்து வர்றதுக்குள்ள காரியத்தை முடிச்சேன். விமானத்தோட மூக்குல, காத்தாடிக்கு நடுவுல இருக்கற கூம்புல, சந்தனம் தொட்டு நடுவுல குங்குமம் வெச்சேன். மூணு சக்கரத்துக்கும் முன்னால ஒவ்வொரு பழத்தை வெச்சேன். கற்பூரம் கொளுத்தலை. பெட்ரோல் பக்கத்துல அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம்.

டெஸ் வந்து பார்த்தா. குனிஞ்சு சக்கரத்தைப் பார்த்தா.

"என்ன இது?"

"இன்னைக்கு எங்களுக்குக் கருவிகளைக் கும்பிடற நாள். இந்தப் பழத்து மேல ஏத்திட்டுப் போனா வண்டிக்கு நல்லது."

"கிளப் விமானத்துல பொட்டு வெக்கலாம்னு யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கலை."

ஒரு நிமிசம் என்னையே பார்த்துட்டு, "சரி, ஏறுங்க"ன்னா. "இன்னைக்கு நான் மூட்டை. மூட்டை பேசாது."

நெசமாவே பேசலை. இஞ்சினை ஓட்டினேன். நாங்க இங்க இருக்கோம், ஓடுபாதைக்குப் போறோம்னு ரேடியோவுல சொன்னேன். சொல்லிட்டுப் பழக்க தோசத்துல கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒருத்தரும் பதில் சொல்லலை. பிரேக்கை விட்டேன். பழம் மூணும் நசுங்கின சத்தம் இஞ்சின் சத்தத்துல கேக்கலை, ஆனா வாசம் வந்துது.

ரெண்டு சுத்து. மூணாவதுல பாரி வந்தார், பண்ணையில உரம் தூவிட்டுத் திரும்பி வர்றதாச் சொன்னார். போன தடவை மாதிரியே அதே எடம், அதே மேகம்கூட அங்கேயே நிக்குது. ரேடியோ பட்டனை அமுக்கினேன். "நான் இடது பக்கம் திரும்பறேன். மொதல்ல நான் இறங்கறேன். பாரி, நீங்க எனக்குப் பின்னால வாங்க"ன்னு சொன்னேன். சொல்லிட்டுத் திரும்பிட்டேன். அவர் என்ன சொல்லுவாரோன்னு காது கூசுது.

"சரிப்பா, உன்னைப் பார்த்துட்டேன். உனக்குப் பின்னால வர்றேன்"னு பாரி சொன்னார். அவ்வளவுதான். கோவிச்சுக்கலை. நான் எங்க போறேன்னு தெரிஞ்சதும் அந்த மனுசன் தன் பாட்டுக்கு ஒதுங்கி, கொஞ்சம் வேகத்தைக் குறைச்சுக்கிட்டார். இதுக்காகவா நான் அன்னைக்குக் கடல் வரைக்கும் போனேன்?

இறங்கினதும் டெஸ் கதவைத் தொறந்து எறங்கிட்டா. இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. "மூட்டை இறங்கியாச்சு. ஒரு சுத்துப் போயிட்டு வாங்க, டீ போட்டு வெக்கறேன்"னு கத்திட்டு, கொட்டகையைப் பார்த்து நடந்துட்டா. திரும்பிக்கூடப் பாக்கலை.

தனியா ஏறினேன். பக்கத்து ஸீட்டு காலியா இருந்ததால விமானம் சடக்குனு கிளம்பிருச்சு. மேல போனதும் அழுகை வந்துது. காத்து பட்டு கண்ணு கலங்குச்சுன்னு எழுதலாம். ஜன்னல் மூடியிருந்துது. கீழ ஆஸ்பத்திரிக் கூரை தெரிஞ்சுது, அதுக்கு ரெண்டு தெரு தள்ளி எங்க வீட்டுக் கூரை, கராஜ் கதவு. சந்தோசமா இருந்துது எனக்கு. ரொம்ப சந்தோசமா இருந்துது. இதைப் போய்க் கலாமணிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் மொதல்ல தோணுச்சு. பல்லடம் ஞாபகம் அதுக்கு அப்புறம்தான் வந்துது. எங்க இருக்கேன், என்ன பண்ணப் போறேன்னு எல்லாத்தையும் ரேடியோவுல சொன்னேன். இறங்கினேன். குதிக்கவே இல்லை.

டெஸ் கையெழுத்துப் போட்டா. பொட்டை அழிக்க வேண்டாம், மழை வந்தா அதுவாப் போகட்டும்னா. டீயை நானே முழுசாக் குடிச்சேன்.

நான் வீட்டுக்கு வந்தப்ப கலாமணி டூட்டி முடிஞ்சு வந்து அரிசி கழுவிக்கிட்டு இருந்தா. நான் செருப்பைக்கூடக் கழட்டலை.

"கலா, நான் சமையக்கட்டு வாசல்ல நிக்கறேன்" அப்படின்னு ஆரம்பிச்சுட்டேன். வாயில அப்படித்தான் வந்துது. அவ திரும்பி ஒரு மாதிரி பார்த்தா.

"நான் இங்கயே இருக்கப் போறேன். நீ சொல்லி இல்லை, நானாத்தான். எனக்கு உன்கூட இருக்கணும், இங்க பறக்கணும். சர்டிபிகேட்டுக்கு நாளைக்கே எழுதிப் போடப் போறேன். இப்ப ஆறுச்சாமி அண்ணனுக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லப் போறேன்."

தண்ணி குழாயில ஓடிக்கிட்டே இருந்துது. பதிலுக்கு நான் நிக்கலை. கூடத்துக்குப் போய் நம்பரைப் போட்டேன்.

அங்க அப்பத்தான் மில்லுல பூஜை ஆரம்பிச்சிருக்காங்க, மணிச் சத்தம் கேக்குது. "அண்ணா, நான் வரலீங்க, இங்கயே இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்"னேன். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார். "சம்சாரம் விடமாட்டேங்குதாப்பா?"ன்னார். "இல்லீங்கண்ணா, முடிவு என்னோடதுதான்"னு சொல்லும்போதே கராஜ்ல இருந்து சர்ருனு ஒரு சத்தம். அட்டைப்பெட்டி டேப்பைக் கிழிக்கற சத்தம். அப்புறம் இன்னொண்ணு. ஆறுச்சாமி அண்ணன் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தார், எனக்குக் காதுல ஏறலை.

"ஏனுங்க! சித்த இங்க வாங்க. என்னால தூக்க முடியலை, பாறாங்கல்லாட்டம் இருக்குது!"

போனேன். ரெண்டு பேருமா கிரைண்டரைத் தூக்கிச் சமையல் மேடையில வெச்சோம். அவ மூச்சு வாங்கிக்கிட்டே நின்னா. முகமெல்லாம் அட்டைத் தூசி.

"பிளக் இல்லையே, கலா. மறந்தே போயிட்டேன். கடை மூடறதுக்குள்ள ஓடிப் போய் வாங்கிட்டு வர்றேன்."

அவ அலமாரியில கரண்டி வெக்கற டிராயரை இழுத்தா. அடியில கையை விட்டு ஒரு சின்னப் பாக்கெட்டை எடுத்து என் கையில வெச்சா. பிரிக்காத பாக்கெட். உள்ள புது பிளக், இந்த ஊர் பிளக்.

"எப்ப வாங்கினே?"

"வந்த வாரமேங்க."

சாமி படத்துக்கு முன்னால இருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன். பூஜையில வெச்சதை மறுநாள்தான் எடுக்கணும். எடுத்துட்டேன். குங்குமம் கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. பழைய பிளக்கை வெட்டி, புதுசை மாட்டி, சுவத்துல சொருகி சுவிட்சைப் போட்டேன். கல்லு சுத்துச்சு.

அரிசியும் உளுந்தும் ஊறுது. காலையில அரைக்கணும்.